செவலைக்கு நான் எழுதிய விளம்பரம்

நாய்க்குட்டி பார்க்கப் போகிறவர்கள் காலையில், அது பால் குடிப்பதற்கு முன்னால் போக வேண்டும். வயிறு நிறைந்துவிட்டால் எல்லாக் குட்டியும் ஒரே மாதிரித்தான் தூங்கும். நல்லது எது, நோஞ்சான் எது என்று கண்டுபிடிக்க முடியாது. இதை நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். நீங்களும் எப்போதாவது வாங்கினால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மேடம்.

என் பெயர் அம்பலவாணன். வயது அறுபத்திரண்டு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவன். வீடு இங்கே சங்கரன்கோவிலில்தான், ராஜபாளையம் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற தெருவில். மனைவி பிரம்மநாயகி இறந்து நாலு வருஷமாகிறது. மகன் ஆனந்த்சங்கர் நொய்டாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பேசுவான். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று இரண்டு கேள்வி. நானும் இரண்டு பதில் சொல்வேன். குறையாகச் சொல்லவில்லை, மறக்காமல் கேட்கிற பிள்ளைதான்.

எதையும் விடாமல் வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். எனக்கு அது பழக்கம்தான். பத்திரம் எழுதும்போது நான்கு எல்லையில் ஒன்று விட்டுப்போனாலும் நிலம் கைமாறாது.

மனைவி போன மூன்றாம் மாசம் மகன்தான் இணையத்தில் பார்த்து ஒரு வெள்ளைக் குட்டிக்கு ஏற்பாடு செய்தான். சுத்த ராஜபாளையம், நாற்பத்தைந்து நாள், சூப்பர் ஆக்டிவ் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஒரு மாசம் அதனோடு பேசிக்கொண்டிருந்தேன். காலையில் என்ன சமைக்கலாம் என்பதிலிருந்து பேசினேன். கூப்பிட்டால் வராது, பிடிவாதம் என்று நினைத்தேன். ஒரு நாள் எவர்சில்வர் தட்டு கை தவறி அதன் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. அது திரும்பவில்லை. வெள்ளைக் குட்டிகளில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். விற்றவனுக்கு அது தெரியும். போனில் கேட்டபோது அவன் மறுக்கவும் இல்லை. ஆறாவது மாசம் அது மினி பஸ்ஸில் அடிபட்டுச் செத்தது. ஹாரன் அடித்திருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் முகநூலில் அந்தக் குழுவைத் தொடங்கினேன். ‘நாய் விளம்பரம்: உள்ளது உள்ளபடி’ என்று பெயர். என் குழுவில் யாரும் இஷ்டப்படி விளம்பரம் போட முடியாது. நான் தயாரித்த படிவத்தை நிரப்ப வேண்டும். பிறந்த தேதி, தாயோடு சேர்த்து எடுத்த படம், காது, கண், நடை, தடுப்பூசி அட்டை, யாரையாவது கடித்திருக்கிறதா, விற்கும் காரணம். கடைசியில் ‘பிற விவரம்’ என்று ஒரு கட்டம். மூன்று வருஷத்தில் ஒன்பதாயிரம் பேர் சேர்ந்தார்கள். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கூப்பிட்டு, அம்பலவாணன் சார் பார்த்த குட்டியா என்று கேட்டு வாங்கினார்கள்.

பக்கத்து ஊர்க் குட்டிகளை நானே நேரில் போய்ப் பார்ப்பேன். குருவிகுளம், இளையரசனேந்தல் எல்லாம் மொபெட்டில் போய்வருவேன். குட்டியைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். நான் இரண்டு மணி நேரம் இருப்பேன். டீ தருவார்கள். மழை பெய்யாதது, கல்யாணம் தட்டிப்போனது எல்லாம் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் காலையில் மடித்து வைத்த துண்டு மடித்த இடத்திலேயே இருக்கும்.

குருவிகுளம் ராஜதுரையைப் பற்றியும் எழுதிக்கொள்ளுங்கள். அவனுடைய தாய் நாய் முந்தின ஈற்றில் போட்ட ஆறு குட்டியும் கழிச்சல் நோயில் செத்திருந்தன. அதை மறைத்து அடுத்த குட்டிகளை விற்றுவிட்டான். நேரில் போய்க் கேட்டேன்.

“நான் பொய் சொல்லலியே அண்ணாச்சி. நீங்க கேக்கல, நான் சொல்லல” என்றான்.

அன்றைக்கே அவனைக் குழுவிலிருந்து நீக்கினேன். கேட்கவில்லை என்பதற்காகச் சொல்லாமல் இருப்பதும் பொய்தான் என்று எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே வைத்தேன். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது. அதற்குப் பிறகு அவன் நாய் வளர்ப்பதையே விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். நான் எழுதியதில் தவறு இருப்பதாக இன்றைக்கும் நினைக்கவில்லை.

செவலை இந்த வருஷம் வைகாசியில் வந்தது. சிப்பிப்பாறைப் பெட்டை. வால் நுனி மடங்கியிருந்ததால் இளையரசனேந்தலில் யாரும் வாங்கவில்லை. நான் எடுத்து வந்தேன். நிறத்தைப் பார்த்துச் செவலை என்றே கூப்பிட்டேன். இதற்குக் காது நன்றாகக் கேட்டது. நான் பேசினால் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்கும். இரண்டு மாசம் வீட்டில் சத்தம் இருந்தது.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுநாள், கூட்டம் வடிந்துகொண்டிருந்த நேரம், காலையில் வாசல் கேட் திறந்து கிடந்தது. தெருவில் ஒரு கறுப்பு நாய் வாயில் நுரையோடு ஓடி வந்து செவலையின் முன்னங்காலைக் கடித்துவிட்டுப் போனது. அதே நாய் அன்றைக்கு இரண்டு ஆடுகளையும் கடித்தது. நாலாம் நாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் செத்துக் கிடந்தது. வெறிநாய்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

காயத்தை வெறும் கையால் கழுவி, மொபெட்டில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். டாக்டர் சாஜிதா பானு. அவர்கள் சொன்னதை நீங்கள் ஏற்கெனவே எழுதி வாங்கியிருப்பீர்கள். செவலைக்கு அதுவரை வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்கவில்லை. அடுத்த வாரம் போட இருந்தேன். அன்றைக்கே போட்டு, அட்டையில் தேதியும் எழுதிக் கொடுத்தார்கள்.

“இப்ப போட்டதை நம்பி இருக்காதீங்க சார். ஆறு மாசம் தனியாக் கட்டி வைங்க. யாரையும் பக்கத்துல விடாதீங்க, யாருக்கும் கொடுக்காதீங்க. மாசம் ஒருக்கக் கொண்டுவந்து காட்டுங்க” என்றார்கள்.

கொல்லைப்புற அறையில் தனியாகக் கட்டினேன். சோற்றுத் தட்டைக் கம்பால் தள்ளி வைப்பேன். செவலைக்கு அது புரியவில்லை. கம்பை நக்கியது. பிரம்மநாயகி கடைசி ஒன்பது நாள் அதே கொல்லைப்புற அறையில்தான் படுத்திருந்தாள். மகனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நான் மட்டும் இருந்தேன். இனி ஆறு மாசம் தினமும் காலையில் கதவைத் திறந்து, இது இன்றைக்கா நாளைக்கா என்று நான் ஒருவனே பார்க்க வேண்டும். மூன்று வாரம் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

ஆவணியில் விளம்பரம் போட்டேன். மற்றவர்களுக்கு வைத்த அதே படிவம்தான். சிப்பிப்பாறைப் பெட்டை, ஐந்து மாசம். காது, கண், நடை நன்று. வால் நுனி மடங்கியது. தடுப்பூசி போடப்பட்டது, தேதியோடு அட்டை உண்டு. யாரையும் கடித்ததில்லை. விற்கும் காரணம்: வளர்ப்பவர் தனியாள், முதியவர். ‘பிற விவரம்’ கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டேன். விளம்பரத்தை நீங்கள் அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். படித்துப் பாருங்கள், ஒரு பொய்கூட இருக்காது. டாக்டரிடம் மட்டும் ஒன்று சொன்னேன். போன் செய்து கேட்டார்கள். சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது என்றேன். பாவம், அந்தம்மா இரண்டு நாள் ஆள் வைத்துத் தேடியிருக்கிறார்கள்.

வாங்க வந்தவள் கரிவலம்வந்தநல்லூர் நிர்மலாதேவி. முப்பத்து நாலு வயது. கணவன் வெள்ளத்துரை போர்வெல் வண்டியில் சத்தீஸ்கர் பக்கம் இருக்கிறான். ஆறு மாசத்துக்கு ஒரு முறை வருவான். குழந்தை இல்லை. வீட்டிலேயே நைட்டி தைத்துக் கொடுப்பாள். ஊர்க் கடைசி வீடு, ஒரு துணைக்கு நாய் இருக்கட்டும் என்று கணவன் சொன்னானாம். பஸ்ஸில் வந்து, ஒரு துணிப்பையில் வைத்து எடுத்துப்போகலாம் என்று நினைத்திருக்கிறாள். ஐந்து மாச நாயைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு ஆட்டோ பிடித்தோம். வாசலில் நின்று, இதற்கு என்ன பிடிக்கும் சார் என்று கேட்டாள். பேசினால் பிடிக்கும் என்றேன்.

அன்று சாயங்காலமே கூப்பிட்டாள். சோறு தின்கிறது, தையல் மிஷினின் கீழே படுத்திருக்கிறது என்று சொன்னாள். மறுநாளும் கூப்பிட்டாள். ஏழு மணிக்கு மிஷினை நிறுத்துவாள், நிறுத்தியதும் கூப்பிடுவாள். பத்து நாளில் சார் போய் அண்ணாச்சி ஆனேன். முதலில் நாயைப் பற்றித்தான் பேசினோம். பிறகு மொத்தக் கடைக்காரன் தையலில் குறை சொன்னதையும், மாமியார் பேசாமல் இருப்பதையும், கணவன் அழைத்தால் வண்டிச் சத்தத்தில் பாதி கேட்காமல் போவதையும் சொன்னாள். நான் பிரம்மநாயகியைப் பற்றிச் சொன்னேன். மகனிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன். ஆறரைக்கே சாப்பிட்டுவிட்டு, போனைச் சார்ஜில் போட்டு எடுத்து, நாற்காலியைச் சிக்னல் கிடைக்கிற ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொள்வேன். சட்டைகூட மாற்றிக்கொள்வேன். போன்தானே என்று நீங்கள் நினைக்கலாம்.

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள், செவலை சாப்பிடவில்லை என்றாள். மறுநாள், இருட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறது, குரைத்தால் குரல் வேறு மாதிரி இருக்கிறது என்றாள். அதற்கு அடுத்த நாள் சாயங்காலம் வரை காத்திருக்காமல் பகலிலேயே கூப்பிட்டாள்.

“அண்ணாச்சி, வாயி தொங்கிப்போயிக் கெடக்கு. எச்சி வடியுது. தண்ணி வச்சாலும் குடிக்க மாட்டேங்கு. முந்தாநாள் கோழி போட்டேன், தொண்டையில எலும்பு மாட்டியிருக்குமோ?”

அது எலும்பு இல்லை என்று எனக்குத் தெரியும். இந்த நோய் எப்படி வரும் என்று ஆடியிலிருந்து படித்து வைத்திருந்தேன். இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்ற ஒரு சொல்தான் சொன்னேன். கையை விட்டுப் பார் என்று நான் சொல்லவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். எலும்பு எதுவும் இல்லையாம்.

“கையில லேசாப் பல்லு பட்டுட்டு அண்ணாச்சி. ரத்தம் கொஞ்சம் வந்துச்சு. ஊசி போடணுமோ? பக்கத்து வீட்டுல போடச் சொல்லுதாவ.”

“தடுப்பூசி போட்ட நாய்தானம்மா. அட்டை உங்கிட்டதான இருக்கு. சோப்புப் போட்டு நல்லாக் கழுவு.”

“நீங்க சொன்னாச் சரி அண்ணாச்சி.”

ஆடி மாசம் காயத்தைக் கழுவியதற்காக நான் ஊசி போட்டுக்கொண்டேன். அரசு ஆஸ்பத்திரியில், ஒரு தவணைகூட விடாமல் போட்டேன். வலியே இல்லை, காசும் கிடையாது. அங்கிருந்த நர்ஸ் நல்ல பெண். பிந்தி வந்தாலும் பரவாயில்லை தாத்தா, நோய்க்குறி தெரிவதற்கு முன்னால் எப்போது வந்தாலும் போட்டுவிடலாம், வந்துவிட்டால்தான் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னாள். அதனால் அந்த விஷயம் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று நேற்று கேட்டீர்கள். குழுவின் பெயர் கெட்டுவிடும் என்று நேற்று பதில் சொன்னேன். ஒன்பதாயிரம் பேர் என்னை நம்புகிறார்கள், என் விளம்பரத்தில் ஒன்று தப்பு என்றால் இனி எவனும் படிவத்தை மதிக்க மாட்டான், அதனால் எத்தனையோ பேர் ஏமாறுவார்கள் என்றேன். அதுவும் உண்மைதான். ராத்திரி முழுக்க யோசித்ததில் அது முழுக் காரணம் இல்லை என்று தோன்றுகிறது. ஊசி போடு என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் மறுநாள் ஏழு மணிக்குப் போன் வராது. அவ்வளவுதான்.

செவலை இரண்டு நாளில் செத்தது. வேலியோரம் புதைத்தாளாம். போனிலேயே அழுதாள். எல்லா நாயும் தங்குவதில்லை அம்மா, வேறு குட்டி பார்க்கலாம் என்றேன். நாய் போய்விட்டதால் பேச்சும் நின்றுவிடுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம் இருந்தது. அப்படி ஆகவில்லை. தினமும் குழுவில் வருகிற விளம்பரங்களில் நாலைந்தை அவளுக்கு அனுப்பி வைப்பேன். ஏழு மணிக்கு அவள் ஒவ்வொன்றாகப் படிப்பாள், நான் விளக்குவேன். இந்தப் படத்தில் தாய் நாய் ஏன் இல்லை பார், இதில் தேதிக்கும் பல்லுக்கும் பொருந்தவில்லை பார் என்று சொல்லிக்கொடுத்தேன். நன்றாகக் கற்றுக்கொண்டாள். ஒரு விளம்பரத்தில் இரண்டு படமும் வேறு வேறு குட்டி என்று அவளே கண்டுபிடித்தாள், காதில் ஒரு மச்சத்தை வைத்து. எனக்குப் பெருமையாக இருந்தது. தீபாவளிக்கு வெள்ளத்துரைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. அன்று காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பேசினோம். அவள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய அதிரசம் மறுநாள் வந்து சேர்ந்தது.

கை ஆறிவிட்டதா என்று நான் கேட்டதில்லை. அவளும் சொல்லவில்லை.

கார்த்திகை நடுவில் ஒரு திங்கட்கிழமை, கடித்த இடத்தில் ஊசி குத்துவது போல இருக்கிறது, தைக்க முடியவில்லை என்றாள். மறுநாள் காய்ச்சல். புதன்கிழமை குரல் கம்மியிருந்தது.

“தண்ணி எறங்க மாட்டேங்கு அண்ணாச்சி. டம்ளரப் பாத்தாலே தொண்டை இறுக்குது. ஃபேன் காத்துகூட ஆவல. என்னன்னு தெரியல.”

சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இனி ஒன்றுதான். டாக்டரிடம் போ அம்மா என்றேன். நாளைக்குப் போகிறேன் என்றாள். பிறகு, இளையரசனேந்தலில் ஒரு பெட்டைக் குட்டி இருப்பதாக நான் அனுப்பியிருந்தேனே, அதற்கு வால் நேராக இருக்கிறதா என்று கேட்டாள். நேராக இருக்கிறது என்றேன். அது வேண்டாம் அண்ணாச்சி, மடங்கின வால்தான் எனக்குப் பிடிக்கும் என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளிக்கிழமை போய்விட்டாள். வெள்ளத்துரை வருவதற்கு மறுநாள் ஆனது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் என் வீட்டுக்கு வந்தான். அடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். உள்ளே கூப்பிட்டுக் காபி போட்டுக் கொடுத்தேன். அவள் போனில் தினமும் என் பெயர் இருந்ததாம். அவனிடமும் என்னைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பாளாம்.

“நான் அங்கன கெடந்தேன். நீங்க ஒருத்தர்தான் அவளுக்கு ஒரு ஆளா இருந்திருக்கிய. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றான்.

பிறகுதான் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். தடுப்பூசி அட்டை. ஊசி போட்ட நாய்க்கு எப்படி அண்ணாச்சி வந்தது, ஆஸ்பத்திரியில் எல்லாரும் கேட்டார்கள், எனக்குப் பதில் தெரியவில்லை என்றான். கோபமாகக் கேட்கவில்லை. ஒரு சந்தேகம் கேட்பதுபோல்தான் கேட்டான். விளம்பரத்தில் எல்லாம் போட்டிருக்கிறதே தம்பி என்றேன். ஆமாம், நானும் படித்தேன் என்று சொல்லி அட்டையை மடித்து வைத்துக்கொண்டான். அட்டையில் டாக்டர் பெயர் இருந்தது. அவன் அவர்களைப் போய்ப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியும். நான் தடுக்கவில்லை. ஓடிப்போனதாகச் சொன்ன நாய் அவர்களுக்கு நினைவு இருந்திருக்கிறது. அடுத்த வாரம் நீங்கள் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். செவலைக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் விற்றேன். அவள் கையில் பல் பட்ட அன்றே அவளுக்கு என்ன ஆகும் என்றும் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு கை குத்துகிறது என்று அவள் சொன்ன திங்கட்கிழமை வரை நாற்பத்தொரு நாள் இருந்தது. எந்த நாளில் சொல்லியிருந்தாலும் கரிவலத்திலிருந்து பஸ் ஏறி வந்து ஊசி போட்டுக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போயிருப்பாள். நாற்பத்தொரு நாளும் நான் பேசினேன், அதை மட்டும் சொல்லவில்லை. அவளைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து விடாமல் சேர்த்து எழுதுங்கள், வெள்ளத்துரைக்கும் ஆறுதலாக இருக்கும். கல்யாணமாகி வந்த இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாள்கூடத் தனியாக இல்லாமல் இருந்தது அந்த நாற்பத்தொரு நாள்தான்.